செருமல்

வாசித்து முடித்ததும் சந்தனமாரி புத்தகத்தை மூடாமல் அப்படியே நீட்டினாள். தங்கபுஷ்பம் டீச்சர் வாங்கிக்கொண்டு, "நல்லா வாசிச்ச தாயி, போய் இரு" என்று சொல்லவும் செய்தாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கையில் இருந்த புத்தகம் எண்பத்திரண்டாம் பக்கத்தில் திறந்திருந்தது. எண்பத்திரண்டில் இருப்பது தேனீ. சந்தனமாரி வாசித்ததோ குடை. பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன மஞ்சள் குடையின் கதை, இந்த வாரத்துப் பாடம், அது எழுபத்தாறோடு முடிந்துபோகிறது. தேனீ அடுத்த வாரத்துக்கு. ஒரு சொல் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நடத்துநர் பேசுகிற இடத்தில் குரலைக் கனமாக்கி, சுட்டுவிரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே, தேனீயின் மேல் குடைக்கதையை வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை போய் இரண்டாவது வரிசையில் பெனிட்டாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பார்வைதான் தடுமாறுகிறதோ என்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தேனீதான். இரண்டு பாடத்திலும் இரண்டாவது பக்கத்தில் படம் கிடையாது, மேலிருந்து கீழ்வரை எழுத்துதான், அதனால் அந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் தெரியவில்லை. இருபத்தாறு பிள்ளைகளும் தங்கள் தங்கள் புத்தகத்தில் குடையைப் பார்த்துக்கொண்டு சந்தனமாரி சொன்னதைத் திருப்பிச் சொல்லி முடித்து, அடுத்தது யார் என்று காத்திருந்தார்கள். மணி இரண்டே முக்கால். வெள்ளிக்கிழமை.

"அடுத்து பெனிட்டா" என்றாள் டீச்சர், குரல் வழக்கம்போலவே வந்தது. தப்பு தன்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, சத்துணவுக் கூடத்து முட்டை வாசனை இன்னும் கையில் இருக்கும்போதே, திங்கட்கிழமைப் பாடத்தை ஒரு பார்வை பார்த்து வைப்போம் என்று தேனீயை எடுத்தவள், பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட்டைக் குடையிலிருந்து உருவித் தேனீயில் செருகிவிட்டாள். வெள்ளிக்கிழமை வாசிக்கிற பிள்ளை முன்னால் வந்து டீச்சரின் புத்தகத்தில் வாசிப்பது இந்த வகுப்பின் பழக்கம், அதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை. டிக்கெட் இருந்த இடத்தைப் பார்க்காமலே விரித்துக் கொடுத்தாயிற்று. அதோடு போயிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. எப்போதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பாள். இன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து சுவரில் சாய்ந்தாள், சாய்ந்த இடம் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் அமைந்துவிட்டது. இடுப்பு வலிக்காமல் இருந்திருக்கலாம். இப்படி நினைத்ததும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இடுப்பு வலிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலரை மணிக்குள் போனில் வாராந்திர வாசிப்புப் பதிவைத் திறந்து சந்தனமாரியின் பெயருக்கு நேரே மலர் என்று அழுத்தியிருப்பாள், இருபத்திரண்டாவது வெள்ளிக்கிழமையாக. அரும்பு என்றால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, மொட்டு என்றால் கூட்டித் தட்டுத்தடுமாறுகிற பிள்ளை, மலர் என்றால் தானாக வாசிக்கிற பிள்ளை. வகுப்பில் மலர் ஒன்பது. அதில் முதல் மலர் சந்தனமாரி.

பெனிட்டா வாசித்தாள். பெனிட்டா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வாசிக்கிற பிள்ளை, மொட்டு. "ந... ட... நடத்... நடத்து... நடத்துநர்" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கல்லைப் புரட்டுவதுபோல் புரட்டிக்கொண்டு போனாள். இதைக் கேட்கும்போதெல்லாம் டீச்சருக்கு உள்ளே ஒரு சலிப்பு வரும், அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தாள். இன்றைக்குச் சலிப்பு வரவில்லை. அந்தத் தடுமாற்றத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். இந்தப் பிள்ளை எழுத்தைப் பார்க்கிறது, எழுத்து தடுக்குகிறது, தடுக்கி விழுந்து எழுந்து போகிறது. சந்தனமாரி எதிலும் தடுக்கவே இல்லையே, இத்தனை நாளில் ஒரு நாள்கூட எந்த எழுத்திலும் தடுக்கவில்லையே, அது எப்படித் தனக்கு விசேஷமாகப் படாமல் போனது? விசேஷமாகத்தான் பட்டது. கெட்டிக்காரி என்று பட்டது. ஜன்னல் வழியாக உப்பளத்துக் காற்று வந்து சுவரில் மாட்டியிருந்த உயிர்மெய் அட்டையைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒன்றாம் வகுப்பில் அந்த அட்டைக்கு முன்னால் குச்சியோடு நின்று, க ங ச என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சந்தனமாரிதான். வரிசையாகச் சொன்னாள், ராகம் போட்டுச் சொன்னாள். நடுவில் ஒன்றைத் தொட்டு இது என்ன என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. தெரிந்த பிள்ளையிடம் எதற்குக் கேட்க வேண்டும்? இரண்டரை வருஷம். ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகளோடேயே மேலே ஏறி வந்தவள் தங்கபுஷ்பம், இன்னொரு டீச்சர் மேல் பழியைத் தூக்கிப் போடவும் வழியில்லை. தன் பெயரை அவள் எழுதுவாளே, முத்து முத்தாக எழுதுவாளே, என்று மனசு ஒரு பக்கம் ஓடிப் பார்த்தது. எழுதுவாள். கரும்பலகையில் இருப்பதையும் எழுதுவாள். கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற கை அது, புள்ளி தப்பாது. அவ்வளவுதானோ என்னவோ. அவ்வளவுதான் என்று இப்போது தோன்றியது, தோன்றிய பிறகு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

வாரத்தை ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை புதுப் பாடம். முதலில் டீச்சர் முழுக்க ஒரு தடவை வாசிப்பாள். அடுத்து டீச்சர் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி. மூன்றாவது தடவை சந்தனமாரி ஒரு வரி, மற்றவர்கள் ஒரு வரி. அதற்குள் அந்தப் பிள்ளை காதில் இரண்டு தடவை விழுந்தாயிற்று, ஒரு தடவையே போதுமாயிருக்கும். செவ்வாய் சொல் அட்டை. அட்டையைத் தூக்கிக் காட்டுவது சந்தனமாரி. தூக்கிக் காட்டுகிறவள் எதையும் வாசிக்க வேண்டியதில்லை, வகுப்பு சொன்னதும் டீச்சர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினால் போதும். புதன் சொல்வதை எழுதுதல். அன்றைக்கு டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தால், கட்டாவிட்டாலும், சொற்களைச் சொல்கிற வேலை சந்தனமாரிக்கு. சொல்கிறவள் எழுதுவதில்லை. வியாழன் செய்து பார்த்தல், களிமண், காகிதம், ஓலை. செய்த பொருளுக்குக் கீழே பெயர் எழுத வேண்டும், பெயர் கரும்பலகையில் இருக்கும். வெள்ளி வாசிப்பு. ஐந்து நாளும் அந்தப் பிள்ளை டீச்சருக்குப் பக்கத்தில், வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அங்கே நின்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்? அவள் கேட்டு நிற்கவில்லை. முன்னுக்கு வந்த பிள்ளையை இன்னும் முன்னுக்குத் தள்ளுவதுதானே நல்ல டீச்சருக்கு அழகு என்று, ஆசை ஆசையாக, தங்கபுஷ்பம்தான் நிறுத்தினாள். ஒரு பிள்ளைக்கு எழுத்து வராமல் பார்த்துக்கொள்ள இதைவிட ஒழுங்கான ஏற்பாடு வேறு யாராலும் செய்திருக்க முடியாது. இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு கணக்கு சரியாக வந்ததுபோலத்தான் இருந்தது. பெனிட்டா எப்போதோ முடித்துவிட்டு, புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், முடிச்சிட்டேன் டீச்சர்."

"ம்ம். இரு போ."

"நல்லா வாசிச்சேனா டீச்சர்?"

"நீதான் வாசிச்ச" என்றாள் டீச்சர். பெனிட்டாவுக்கு அது பாராட்டா இல்லையா என்று விளங்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் ஞானதுரை சார் வாசலில் வந்து நின்றார். நிலைப்படியைத் தாண்டாமல் பேசுவது அவர் வழக்கம். பிள்ளைகள் எழுந்து நீட்டி முழக்கி வணக்கம் சொன்னார்கள். "டீச்சர், திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வட்டார ஆபீஸ்லேருந்து வாராவளாம். ஆறேழு பேரு. வேற ஒண்ணும் பாக்கலையாம், வாசிப்பு மட்டுந்தானாம். நம்ம மாரி பேரக் குடுத்துட்டேன்" என்றார். எந்தப் பாடம் கேட்பார்கள் என்று டீச்சர் கேட்டாள். "பாடப்புஸ்தகம் இல்ல டீச்சர், அவங்களே ஒரு கதைப் புஸ்தகம் கொண்டாருவாவ. பிள்ளைங்க பாத்திராத புஸ்தகமா இருக்கணுமாம். நம்ம மாரிக்கு என்ன, எதக் குடுத்தாலும் தண்ணி குடிச்ச மாதிரி வாசிச்சிருவா." சந்தனமாரி தன் பெயர் அடிபட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சார் அவளைப் பார்த்துச் சிரித்தார். "சரி சார்" என்றாள் தங்கபுஷ்பம். இருபத்தெட்டு வருஷ வேலையில் அவள் அதிகமாகச் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும். அவர் போன பிறகும் வாசலில் அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மாரிக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அதனால்தான் சொல்லவில்லையா? இல்லை. பயந்துதான் சொல்லவில்லை. அதைத் தனக்குத்தானே ஒளிக்க முடியாது.

அடுத்தடுத்து பிள்ளைகள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். இப்போது அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதுகுப் பக்கம் நின்று விரலைப் பார்த்தாள். இது எழுத்தைப் பார்க்கிறது. இது பார்க்கிறது. இது பாதி பார்க்கிறது, பாதி குருட்டாம்போக்கில் அடித்துவிடுகிறது. விரல்களில் களிமண் காய்ந்து நகத்தோரம் வெள்ளையாக நின்றது, நேற்றைக்குச் செய்த மண்சட்டி. "அப்போது மழை தூறத் தொடங்கியது" என்ற வரி வந்தபோது அவளுக்குத் தொண்டை தானாகக் கரகரத்தது. அந்த வரிக்கு முன்னால் திங்கட்கிழமை அவள் செருமியிருந்தாள். சாக்பீஸ் தூசியில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிற செருமல், இடது கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம். சந்தனமாரி வாசிக்கும்போதும் அதே இடத்தில் செருமினாள், இடது கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு தரம். எல்லாப் பாடத்திலும் அப்படித்தான், டீச்சர் செருமின இடத்தில் செருமுவாள். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி எத்தனை தரம் சிரித்திருக்கிறார்கள், அப்படியே உங்களை உரிச்சி வச்சிருக்கா டீச்சர் என்று. பிள்ளைக்குத் தன் மேல் அவ்வளவு பிரியம் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள். வீட்டில் மகளிடம்கூடச் சொன்னாள், அதற்கு மகள், உங்க செருமலக் கேட்டு எனக்குத்தான் அலுத்துப்போச்சு, அதுக்காவது பிடிக்கட்டும் என்றாள். பிரியமும் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் செருமலும் பாடத்தில் ஒரு பகுதி, வரிக்கும் வரிக்கும் நடுவில் அச்சடித்திருக்கிற ஒன்று. இரண்டரை வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் தங்கபுஷ்பம் கேட்டு மகிழ்ந்தது தன்னுடைய குரலைத்தான். அதற்கு மலர் போட்டிருக்கிறாள். இது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கன்னம் சூடாகிற அளவுக்கு.

தானும் அப்படி ஒரு பிள்ளைதானே என்று ஒரு நினைப்பு வந்து நின்றது. ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளியில் நாற்பது வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்து அவள் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினாள். மூடியில் ஒரு மாதுளம்பழப் படம் வெட்டியிருக்கும். நாற்பதில் ஒன்றுக்காவது அர்த்தம் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பாள். யாரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள். ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, அது வேறு. அது வேறுதானா? அந்தப் பாக்ஸ் எங்கே போனது என்று யோசித்தாள். அம்மா வீட்டில் கடுகு போட்டு வைத்திருந்தார்கள், பிறகு யாரோ கொண்டுபோனார்கள். இதை ஏன் இப்போது நினைக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது. மூன்றரை மணிக்குப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு, போனை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டாள். பதிவுக்குப் போகுமுன் கை தானாக அந்த வீடியோவைத் தேடியது. ஆகஸ்ட் மாதம் ஞானதுரை சார் எடுத்து ஆசிரியர்கள் குழுவில் போட்டது, சந்தனமாரி வாசிக்கிறாள், நூற்று நாற்பது பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள். முப்பது தரமாவது பார்த்திருப்பாள். இப்போது பிள்ளைகளுக்குக் கேட்காமலிருக்கச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டுப் பார்த்தாள். சத்தம் இல்லாமல் பார்த்ததே இல்லை. சத்தம் இல்லாவிட்டால் பார்ப்பதற்கு விரல் ஒன்றுதான் இருந்தது. விரல் ஒரே சீராகப் போனது, சின்னச் சொல்லுக்கும் பெரிய சொல்லுக்கும் ஒரே வேகம். முற்றுப்புள்ளியில் நிற்கவில்லை. இடது கை கழுத்துக்குப் போகும்போது, அதாவது வாய் பக்கத்தின் பாதிக்கு வந்திருக்கும்போது, விரல் பக்கத்தின் அடிக்குப் போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கடைசி வரியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் டீச்சர்கள்தான்.

போனில் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாக அழுத்தினாள். பெனிட்டாவுக்கு மொட்டு. சந்தனமாரியைத் தாண்டிப் போய் மற்ற எல்லாரையும் முடித்தாள், பிறகு திரும்பி வந்தாள். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தது. மலர் என்று அழுத்தினால் வேலை முடிந்தது. திங்கட்கிழமையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு மாரிக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம், லீவு போடு தாயி என்றால் போட்டுவிடுவாள். அதைவிட எளிதான ஒன்றும் இருந்தது, அது நினைவுக்கு வந்தபோது இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை என்று ஆச்சரியப்பட்டாள். வட்டார அலுவலகத்தில் ஸ்டெல்லா இருக்கிறாள், பயிற்சிப் பள்ளியில் ஒரே அறை. எந்தக் கதைப் புஸ்தகம்டி கொண்டு வாறீங்க என்று கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவாள், அலமாரியில் அதில் ஒரு பிரதி இருந்தாலும் இருக்கும். திங்கட்கிழமை காலை மாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும். பதினோரு மணிக்கு அந்தப் பிள்ளை ஆறேழு பேருக்கு முன்னால் அட்சரம் பிசகாமல் வாசித்துவிடும், செருமலோடு. யாருக்கும் தெரியாது. மாரிக்கும் தெரியாது. ஸ்டெல்லாவின் எண்ணை எடுத்துத் திரையில் வைத்தே விட்டாள். பச்சை வட்டம் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. இன்னும் நாலு வருஷம் வேலை இருக்கிறது, நல்ல பெயரோடு போய்விடலாம். பிறகு மாரி நாலாம் வகுப்புக்குப் போவாள், ஐந்துக்குப் போவாள், ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் பாடம் நீளமாகும், ஏழெட்டு வாத்தியார் வருவார்கள், ஒருத்தரும் முதலில் வாசித்துக் காட்ட மாட்டார்கள். அன்றைக்கு நாற்பது பேருக்கு நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அவள் என்ன நினைப்பாள்? தனக்கு ஏதோ நோய் என்று நினைப்பாள். நேற்றுவரை தெரிந்தது இன்றைக்கு ஏன் வரவில்லை என்று நினைப்பாள். டீச்சர் கட்டைவிரலை எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டாளே தவிர எண்ணை அழிக்கவில்லை. ஒன்றும் முடிவாகவில்லை. பிள்ளைகள் குடை வரைந்துகொண்டிருந்தார்கள், மஞ்சள் கிரேயானுக்கு இரண்டு வரிசைக்குள் சண்டை.

நாலு பத்துக்கு மணி அடித்தது. பைகளும் செருப்புகளுமாகக் கொஞ்ச நேரம் இரைச்சல், பிறகு பள்ளிக்கூடம் காலியானது. "மாரி, நீ ஒரு அஞ்சு நிமிஷம் இரு தாயி" என்று டீச்சர் சொல்லியிருந்தாள். சந்தனமாரி இதையும் ஒரு மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டாள், திங்கட்கிழமைக்கு ஏதோ சொல்லித்தரப் போகிறார்கள் என்று. டீச்சர் நாற்காலியில் உட்காராமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்தாள். தேனீ.

"இத வாசி பாப்போம்."

சந்தனமாரி பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள். அதில் படமில்லை. பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பயப்படவில்லை. அது டீச்சருக்கு விசித்திரமாக இருந்தது, திருட்டு அகப்பட்ட முகத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசி தாயி."

"இது புதுப் பாடம் டீச்சர். நீங்க இன்னும் வாசிக்கலையே."

"நான் வாசிக்காட்டி என்ன?"

"நீங்க வாசிச்சாத்தான டீச்சர், நாங்க வாசிக்க முடியும்" என்றாள் சந்தனமாரி, இதுகூடவா தெரியாது என்பதுபோல, ஆனால் மரியாதையாக.

"மத்த பிள்ளைகளும் அப்படித்தான் வாசிக்காவளா?"

"ஆமா டீச்சர். எல்லாரும் அப்படித்தான். பெனிட்டாவுக்கு மறந்து மறந்து போயிரும், அதான் அவ தெத்தித் தெத்தி வாசிக்கா. பாவம்."

அந்தப் பிள்ளை ஏமாற்றவே இல்லை. ஒரு நாளும் ஏமாற்றவில்லை. வாசிப்பு என்றால் இதுதான் என்று வைத்திருக்கிறது, கேட்டதை மறக்காமல் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிடித்து விரலை நகர்த்தித் திருப்பிச் சொல்வது. அதில் அது வகுப்பிலேயே முதல். அந்தக் கறுப்புக் கறுப்பான எழுத்துப் பூச்சிகள் எல்லாம் எதற்காக அங்கே இருக்கின்றன என்று அது கேட்டதில்லை, புத்தக அட்டையில் பூ போட்டிருப்பதுபோல என்று நினைத்திருக்கும். அப்போது சந்தனமாரி, பேச்சு நின்றுபோனதில் சங்கடப்பட்டோ, அல்லது ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததாலோ, கேட்டாள்.

"உங்களுக்கு யாரு டீச்சர் மொதல்ல வாசிச்சிக் காட்டுவா?"

தங்கபுஷ்பம் அவளையே பார்த்தாள். உச்சி வெயிலில் விளையாடி எண்ணெய் காய்ந்த தலை, கன்னத்தில் மஞ்சள் கிரேயான் தீற்றல், பதிலுக்காக லேசாகத் திறந்த வாய். இந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்தாள், நினைக்கும்போதே அதுதான் கோளாறு என்றும் தெரிந்தது. மேஜை மேலிருந்து போனை எட்டி எடுத்தாள். ஸ்டெல்லாவின் எண் இன்னும் திரையில் நின்றது, அதைத் தள்ளிவிட்டாள். காலிக் கட்டத்துக்கு வந்து அரும்பு என்று அழுத்தினாள். நிலை குறைக்கப்படுகிறது, உறுதியா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பதிவாயிற்று என்றது. மணி நாலு இருபத்தாறு.

ஞானதுரை சார் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். தரையில் டீச்சர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இப்பமே திங்கக்கிழமைக்குத் தயார் பண்ணுதீங்களா?" என்றார், சந்தோஷமாக.

"இல்ல சார். மாரி பேர அடிச்சிருங்க. பெனிட்டா வாசிப்பா."

"பெனிட்டாவா? என்ன டீச்சர், வெளையாடுதீங்களா? அது தெத்துமே. மாரிக்கு என்ன?"

"மாரிக்கு ஒண்ணுமில்ல சார். நான் இன்னும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கல."

சாருக்கு விளங்கவில்லை. வீடியோ எடுத்தவர் அவர், அதை நினைத்திருப்பார். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போன் பண்ணுதேன், பேசுவோம்" என்று சாவிக்கொத்தை நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டுப் போனார். நாளைக்குப் பேச வேண்டும். குழுவில் இருக்கிறவர்களும் பேசுவார்கள். அதெல்லாம் நடக்கும். வெளியே தண்ணீர்த் தொட்டிக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தனமாரி விரலை முதல் வரிக்குக் கீழே வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அந்த விரலைப் பிடித்து, முதல் எழுத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். இரட்டைக் கொம்பு, பக்கத்தில் ஒரு த. டீச்சருக்குத் தொண்டை கரகரத்தது. செருமாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டாள். சந்தனமாரி அந்த வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கவில்லை. பிறகு புத்தகத்தைப் பார்த்தாள்.